சுத்தியலுக்குத் துணி சுற்றியவர்கள்

அந்தத் தெருவில் அக்காவின் வீட்டுக்கு வழி கேட்டால் யாரும் கையை நீட்டிக் காட்ட மாட்டார்கள். "கொஞ்சம் நில்லுங்க, தானா கேக்கும்" என்பார்கள். அதே போலக் கேட்கும். முதலில் ஒரு தட்டு விழும். பின்னாலேயே மூடி உருளும். அப்புறம் அந்த மூடியின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டும் அக்காவின் குரல் வரும். தெரு அவளுக்கு வைத்திருந்த பெயர் வெண்கலக்கடை. யானை எங்கே என்று புதிதாக வந்தவர்கள் கேட்டால், "யானை உள்ளே நாற்காலியில உக்காந்து சுவத்தைப் பாத்துட்டிருக்கு" என்று பதிலும் வைத்திருந்தார்கள்.

யானை என்றால் அக்காவின் புருஷன். சண்டைக்குப் போய்த் திரும்பியவர். பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, பட்டாளம் என்றால்தான் தெரியும்.

அக்காவின் தம்பி பீரோ பட்டறையில் வெல்டர். அவனுக்கு அக்காவின் மேல் பாசம் உண்டு, ஆனால் அவள் வாயின் மேல் இல்லை. "குண்டு சத்தத்துல மனசு உடைஞ்சு வந்த மனுஷன். அவர் காதுகிட்ட நாள் பூரா தட்டு மூடியைப் போட்டு உருட்டினா அவருக்கு எப்படிக்கா தெளியும்?" என்று போகும்போதெல்லாம் கேட்பான். அக்கா கையிலிருக்கும் கரண்டியை டணாரென்று போட்டுவிட்டு, "நீ உன் வேலையைப் பாருடா, மேதாவி" என்பாள்.

அத்தானுக்கு அமைதியான வேலையாகத்தான் எல்லோரும் பார்த்துக் கொடுத்தார்கள். முதலில் ஒரு நூலகத்தில் காவல். ஈ பறந்தால் கேட்கும் இடம். அங்கே ஒருவன் பாவம், புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டினான். அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். அத்தான் அவன் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாத்திவிட்டார். அடுத்தது பழைய கோப்புகளை அடுக்கி வைக்கிற அறை. அங்கே பின்னால் மெல்ல வந்து நின்ற குமாஸ்தாவின் மேல் நாற்காலி பறந்தது. குமாஸ்தாவுக்கு மூக்கில் தையல், அத்தானுக்கு வேலை காலி. படைவீரர்களைப் பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை கூட்டிப் போனார்கள். டாக்டர் கூப்பிடுவதற்கு முன்பே, உட்கார்ந்திருந்த பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். அதற்கப்புறம் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

இனி எந்தக் கதவும் மிச்சமில்லை என்றானபோதுதான் வெல்டர் தன் பட்டறை முதலாளியம்மாவின் முன்னால் போய்த் தலையைச் சொறிந்தான்.

"பட்டறைச் சத்தம் அவருக்குத் தாங்குமாடா?"

"நான் பாத்துக்கறேம்மா. என் தலையை அடகு வெக்கறேன்."

"உன் தலையை வெச்சு நான் என்ன பண்ண? அதுல என்ன இருக்கு?" என்றாள் முதலாளியம்மா. ஆனாலும் வரச் சொன்னாள்.

அது ஊரிலேயே பெரிய சத்தம் போடும் இடம். தகரம் வெட்டும் கத்தரி ஒரு பக்கம் கத்தும், கிரைண்டர் ஒரு பக்கம் அலறும், பெயின்ட் அடிக்கிற கம்ப்ரஸர் மூலையில் நின்று ஆஸ்துமாக்காரன் மாதிரி இழுக்கும். நடுவில் சுத்தியல்கள். அத்தான் வந்த முதல் வாரம் வெல்டர் வேலையே செய்யவில்லை. கண்ணாடியைத் தூக்கித் தூக்கி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவரோ பெட்டிகளுக்கு ஆணி முடுக்கிக்கொண்டு, உதட்டுக்குள் ஏதோ பாட்டு முனகிக்கொண்டு இருந்தார். சாப்பிட்டு முடித்ததும் தகரக் கட்டின் மேலேயே படுத்தார். தலைமாட்டில் சுத்தியல் விழுந்துகொண்டிருக்க, அவர் குறட்டை விட்டார். ஓய்ந்த நேரத்தில் அக்காவுக்கென்று ஒரு டிரங்குப் பெட்டிகூடச் செய்தார். வீட்டுக்குக் கொண்டு போய்க் கொடுத்தார்.

"நான் சேத்துவிட்ட ராசி" என்று வெல்டர் மார்தட்டிக்கொண்டான்.

ராசி ஒரு மத்தியானம் கரண்ட்டோடு போனது.

கரண்ட் நின்றதும் கிரைண்டர் நின்றது, கம்ப்ரஸர் நின்றது. சுத்தியல்காரர்கள் இதுதான் சாக்கு என்று கீழே வைத்தார்கள். பட்டறை முழுக்க ஒரு அமைதி வந்து உட்கார்ந்தது. தகரம் வெட்டுகிறவன், அவனுக்கும் கத்தரி என்றே பெயர், நல்ல மனதோடு அத்தானுக்கு ஒரு டீயை எடுத்துக்கொண்டு பின்பக்கமாக வந்தான். டீ ஒரு பக்கம் பறந்தது, கத்தரி ஒரு பக்கம் பறந்தான். பிறகு பார்த்தால் அவன் கழுத்து அத்தானின் முழங்கைக்கும் ஒரு பீரோவுக்கும் நடுவில் இருந்தது. வெல்டர் ஓடிப்போய், "அத்தான், அத்தான், நான்தான்" என்று கெஞ்சினான். அதே சமயம் கரண்ட் வந்தது, கம்ப்ரஸர் உறுமியது. அத்தான் கையை எடுத்தார். தன் கையைத் தானே பார்த்தார். பிறகு போய்ப் புது டீ வாங்கி வந்து, கத்தரியின் முன்னால் வைத்தார்.

விடுவித்தது தன்னுடைய இனிய குரல் என்றே வெல்டர் நம்பினான். கம்ப்ரஸருக்கு அவன் எந்தப் பங்கும் கொடுக்கவில்லை.

முதலாளியம்மா இரண்டு பேரையும் கூப்பிட்டு நிற்க வைத்தாள். "இன்னொரு தடவை இந்தக் கை யார் மேலயாவது பட்டுச்சுன்னா ரெண்டு பேரும் வெளிய. சேத்துவிட்டவனும் சேத்துத்தான்."

வெல்டர் கணக்குப் போட்டுப் பார்த்தான். தன் வேலை போனால் வேறு பட்டறை கிடைக்கும். அத்தானுக்கு இதற்கப்புறம் ஒரு இடமும் இல்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்த யானை என்ன செய்யும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. அக்காவின் வலது கைச் சுண்டுவிரல் கோணலாக நிற்பது அவன் ஞாபகத்துக்கு ஏனோ வந்தது. ஸ்டூலிலிருந்து விழுந்ததாக அவள் சொல்லியிருந்தாள்.

மாநாடு கூடியது. கத்தரி, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, தான் டிவியில் பார்த்த அறிவையெல்லாம் எடுத்து வைத்தான். "சண்டைக்குப் போனவங்களுக்குச் சத்தம்தான் விஷம். இத்தனை நாள் உள்ள சேந்து சேந்து, அன்னைக்கு வழிஞ்சிருச்சு."

"கரண்ட் போனப்ப சத்தமே இல்லையே?" என்றான் பெயின்ட் அடிக்கிறவன். எந்நேரமும் கையில் பச்சை ஒட்டியிருப்பதால் அவன் பெயர் பச்சை.

"குடம் நிரம்பினதுக்கு அப்புறம்தானே வழியும், மடையா" என்றான் கத்தரி. எல்லோரும் தலையாட்டினார்கள். பச்சையின் வாய் அத்தோடு அடைபட்டது. அந்த ஊரில் அன்றைக்குச் சரியாகக் கேட்கப்பட்ட கேள்வி அது ஒன்றுதான்.

மறுநாளிலிருந்து வெல்டர் தலைமையில் அமைதித் திட்டம் அமலுக்கு வந்தது. சுத்தியல்களின் வாயில் பழந்துணியைச் சுற்றினார்கள். கிரைண்டரை அத்தான் சாப்பிடப் போகும் நேரத்துக்கு ஒதுக்கினார்கள். கம்ப்ரஸரைப் பின்சுவருக்கு வெளியே தள்ளிக் கொண்டு போய்ச் சாக்கைப் போர்த்தினார்கள். எல்லோரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, பால் திருடப் போகும் பூனை மாதிரி நடந்தார்கள். டீக்காரர் கண்ணாடி டம்ளருக்குப் பதில் காகிதக் கப்பில் கொண்டு வந்தார். ஒருவனுக்குத் தும்மல் வந்தால் தெருவுக்கு ஓடிப்போய்த் தும்மிவிட்டு வந்தான்.

பேச்சும் நின்றது. பட்டறைக்காரர்களுக்கு அதில் சிரமமில்லை. அந்தச் சத்தத்தில் காது கேட்காதென்று காலங்காலமாகவே கைச்சாடை வைத்திருந்தார்கள். இரண்டு விரலைக் கத்தரி போல ஆட்டினால் வெட்டு என்று அர்த்தம். உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் இறக்கு. முஷ்டியை மேலே தூக்கினால் அப்படியே நில், தகரம் வருகிறது.

அத்தான் தேறவில்லை. பாட்டு நின்றுபோனது. சுவரில் முதுகைச் சாத்திக்கொண்டுதான் உட்கார்ந்தார். ஆணி முடுக்குகிற சுத்தியலைச் சாப்பிடும்போதும் கீழே வைக்கவில்லை.

ஒரு நாள் அவரே வந்து கேட்டார். "மச்சான், இங்க என்ன நடக்குது? ஏன் எல்லாரும் இப்படி நடக்கறாங்க?"

வெல்டர் அவர் காதருகில் குனிந்து, மிக மிக மெதுவாக, "ஒண்ணுமில்ல அத்தான். நீங்க நிம்மதியா இருங்க" என்று கிசுகிசுத்தான்.

அவர் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. மருந்து கசக்கத்தான் செய்யும் என்று வெல்டர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, தன் செருப்பில்லாத காலுக்கு உறையும் போட்டுக்கொண்டான்.

அது நடந்த அன்று வெயில் கூரைத் தகரத்தில் காய்ந்துகொண்டிருந்தது. வரிசையாகப் பீரோக்கள் நின்றன. பச்சை, பெயின்ட் தட்டில் பச்சையைக் கரைத்து வைத்துவிட்டு, மூக்குக்கு மூடியும் கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, இரண்டு பீரோவுக்கு நடுவிலிருந்து நுனிக்காலில் வெளியே வந்தான். அந்தப் பக்கம் கத்தரி ஒரு நீளத் தகரத்தைத் திருப்புவதைப் பார்த்துவிட்டு முஷ்டியை மேலே தூக்கினான். பட்டறையில் இருந்த அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள்.

அத்தான் நிற்கவில்லை. ஒரே பாய்ச்சல். பச்சை மூச்சுவிடுமுன் கீழே கிடந்தான். முகம் பெயின்ட் தட்டில், முதுகில் அத்தானின் முட்டி, கை பின்னால் முறுக்கி மேலே. அத்தானின் இன்னொரு கை அவன் வாயைப் பொத்தி இருந்தது. அவர் கண் எங்கேயோ தூரத்தில், எதையோ எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. "மெதுவா... மெதுவா..." என்று யாரிடமோ சொன்னார். பச்சையின் தோளில் ஏதோ கழன்ற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவ்வளவு அமைதி.

வெல்டர் பதறி ஓடினான். காலில் உறை, தரையில் எண்ணெய். வழுக்கிய வேகத்தில் நிறுத்தி வைத்திருந்த தகரக் கட்டின் மேல் போய் விழுந்தான். கட்டு சரிந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக, இடி இறங்கினது போல, பட்டறையே குலுங்கக் குலுங்கச் சரிந்தது. செத்தான் பச்சை என்று கத்தரி கண்ணை மூடிக்கொண்டான்.

"அப்பாடா" என்றார் அத்தான்.

அவர் கை தளர்ந்தது. பச்சையைத் திருப்பிப் போட்டார். தன் துண்டால் அவன் மூக்கிலும் வாயிலும் இருந்த பெயின்டை வழித்தார். பிறகு எழுந்து போய், பின்சுவருக்கு வெளியே சாக்குப் போர்த்திக் கிடந்த கம்ப்ரஸரின் அருகில் உட்கார்ந்து, "இதைப் போடு மச்சான். உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன், இதைப் போடு" என்றார்.

வெல்டர் போடவில்லை. சித்தம் கலங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

பச்சையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய்த் தோளை ஏற்றிக் கட்டுப் போட்டுக் கொண்டு வந்தார்கள். முகத்தில் பாதி பச்சை, பாதி வெளுப்பு. முதலாளியம்மா அவனையும் பார்த்தாள், அத்தானையும் பார்த்தாள். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"சண்டைக்குப் போனவர்னு உங்களுக்கு மரியாதை குடுப்பேன். ஆனா இவன் கை எந்தச் சண்டைக்கும் போகலையே" என்றாள். அத்தான் தலை நிமிரவில்லை. "பட்டாளத்து ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரைப் பாத்துட்டு, அவர் எழுதின சீட்டோட வாங்க. வந்தா வேலை. வரலைன்னா நான் சொன்னது சொன்னதுதான், ரெண்டு பேருக்கும்."

அந்த ஆஸ்பத்திரி என்றதும் அத்தானின் முகம் செத்துப் போனதை வெல்டர் கவனித்தான். சாயங்காலம் அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், கோபத்தையெல்லாம் அக்காவின் மேல் இறக்கினான்.

"எல்லாம் உன் வாயால வந்த வினை. பட்டறையில நாங்க செத்த வீடு மாதிரி மூச்சுக் காட்டாம இருந்து அவரைத் தேத்தறோம். நீ இங்க உக்காந்து கெடுக்கறே!"

அக்காவின் கையிலிருந்த தட்டு, அவள் போடாமலே நழுவி விழுந்தது. "என்னது? மூச்சுக் காட்டாமலா?"

அவன் திட்டத்தைப் பெருமையோடு விவரித்தான். துணி சுற்றிய சுத்தியல், காகிதக் கப், தெருத் தும்மல். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு கூடத்தில் உட்கார்ந்திருந்தவருக்குக் கேட்காதபடி அவனைச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள். இடது கையால் கரண்டியை எடுத்து ஒரு தட்டை டணா டணா என்று தட்டத் தொடங்கினாள். தட்டிக்கொண்டே, தாழ்ந்த குரலில் பேசினாள். அக்காவுக்குத் தாழ்ந்த குரல் ஒன்று உண்டென்பதே அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அவர் காவல் இருந்த இடம் காடுடா. சில்வண்டு கத்திட்டே இருக்கும். கத்தினா நல்லது. அது நின்னுச்சுன்னா ஆளுங்க நடந்து வர்றாங்கன்னு அர்த்தம். ஒரு தடவை நின்னுச்சு. கூட இருந்தவங்கள்ல திரும்பி வந்தது இவரு மட்டும்தான்." டணா டணா. "சத்தம் இவரை ஒண்ணும் பண்ணாது. சத்தம் நின்னாத்தான் இவருக்குச் சண்டை ஆரம்பிக்கும்."

"அவரே சொல்ல வேண்டியதுதானே?"

"எந்த ஆம்பளைடா சொல்லுவான், அமைதியைப் பாத்தா எனக்குப் பயம்னு?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் வலது கையைத் தூக்கி, கோணல் சுண்டுவிரலை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "தொண்டையில புண்ணுன்னு டாக்டர் என்னைப் பேசக் கூடாதுன்னாரு. ஞாபகம் இருக்கா? நானும் நல்ல பொண்ணா வாயை மூடிட்டுப் படுத்துக் கிடந்தேன். ரெண்டாம் நாளு தண்ணி குடுக்கலாம்னு மெதுவாப் பக்கத்துல போனேன்." டணா. "ஸ்டூல் எல்லாம் இல்லடா."

வெல்டர் அந்த விரலையே பார்த்தான். "அப்போ... நீ இத்தனை வருஷமா..."

"எனக்கு என்ன, பாத்திரத்து மேல விரோதமா? தெரு சிரிக்குது, சிரிக்கட்டும். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ. இது மருந்து இல்ல, குடை. குடை பிடிச்சா மழை நின்னுடுமா? எனக்கும் கை வலிக்குது. அவர் செஞ்சு குடுத்த டிரங்குப் பெட்டியில என் துணியை மடிச்சு வெச்சு, கட்டிலுக்குக் கீழே தள்ளியிருக்கேன். அவர்கிட்டயே காட்டிச் சொல்லிட்டேன். இன்னொரு விரல் போச்சுன்னா பெட்டியும் நானும் கிளம்பிடுவோம்னு. அந்த டாக்டரைப் பாக்க மாட்டேங்கறாரே!"

"அங்க போனா ஏன்க்கா பெஞ்சைக் கவுத்தாரு?"

கேட்டு முடிப்பதற்குள் அவனுக்கே விளங்கிவிட்டது. அந்தக் காத்திருக்கும் கூடத்தின் சுவரில் நாலு பக்கமும் மாட்டியிருந்த பலகை கண் முன்னால் வந்தது. அமைதி காக்கவும்.

மறுநாள் காலை அந்தக் கூடத்துக்குள் ஒரு ஊர்வலம் நுழைந்தது. முன்னால் அத்தான், துவைத்த சட்டையில், முகம் கல்லாக. பின்னால் அக்கா, பை நிறையத் தட்டும் மூடியும். அவளுக்குப் பின்னால் வெல்டர், தலையில் பட்டறையிலிருந்து எடுத்த ஒரு காலி டிரங்குப் பெட்டி. கடைசியில், கட்டுப்போட்ட கையோடு பச்சை.

"நீ எதுக்குடா வந்தே?" என்று வெல்டர் வாசலிலேயே கேட்டிருந்தான்.

"மன்னிச்சுட்டேன்னு நினைக்காதே. என் கட்டை மாத்தணும், பக்கத்துக் கட்டடம். அதோட, குடம் கிடம்னு சொன்னீங்களே மடையனுங்களா, இதையாவது சரியாப் பண்றீங்களான்னு பாக்க வந்தேன்."

கூடத்தில் பலர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அத்தானின் விரல்கள் பெஞ்சின் விளிம்பைப் பிடிப்பதை அக்கா பார்த்தாள். முதல் மூடியைக் கீழே போட்டாள்.

"பெரிய ஆஸ்பத்திரி கட்டத் தெரியுது, ஒரு நல்ல பெஞ்சு போடத் தெரியலையே! உக்காந்தா முதுகெலும்பு எண்ணிப் பாத்துக்கலாம் போலிருக்கு!"

நர்ஸ் ஓடி வந்தாள். "அம்மா! போர்டு தெரியலையா?"

"தெரியுது தாயி. அது யாருக்கு எழுதினது? செத்தவங்களுக்கா, இருக்கறவங்களுக்கா?"

வெல்டர் பெட்டியை இறக்கி அதன் மேல் தாளம் போட ஆரம்பித்தான். நர்ஸ் அவனை அதட்டினாள். அதட்டலும் நல்ல சத்தமாகவே இருந்தது. எதிர்ப் பெஞ்சில் ஒரு கால் இல்லாத ஆள், இதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், தன் ஊன்றுகோலால் தரையில் லேசாகத் தட்டிப் பார்த்தார். பிறகு பலமாகத் தட்டினார். அவர் தோள் இறங்கியது. இந்தப் பலகையை எழுதினவனுக்குக் காட்டில் வேலை போட்டுக் கொடுக்க வேண்டும் என்று வெல்டர் நினைத்துக்கொண்டான்.

இரைச்சல் தாங்காமல் டாக்டரே கதவைத் திறந்தார். "யார் இங்க கலாட்டா பண்றது?"

அத்தான் எழுந்தார். பெஞ்சு அதன் இடத்திலேயே இருந்தது. "என் வீட்டுக்காரங்கதான் சார். எனக்காகத்தான் பண்றாங்க. கதவை மட்டும் கொஞ்சம் திறந்து வெச்சா, நான் உள்ள வந்து பேசறேன்."

டாக்டர் அவரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், அக்காவின் கையையும் பார்த்தார். நர்ஸை விலகச் சொன்னார். உள்ளே போகுமுன் அத்தான் பச்சையின் முன்னால் நின்றார். "இந்தக் கைக்கு நான்தான் பொறுப்பு. நான் போன சண்டை இல்ல" என்றார். பச்சை முகத்தைத் திருப்பிக்கொண்டான். திருப்பிக்கொண்டே நல்ல கையால் பெட்டியை ஒரு தட்டுத் தட்டினான்.

கதவு ஒரு சாண் திறந்தே இருந்தது. உள்ளே முதலில் டாக்டரின் குரல் மட்டும் கேட்டது. வெல்டர் விடாமல் தட்டினான். அப்புறம், தட்டுகளின் சத்தத்துக்கு நடுவே, அத்தானின் குரல் கேட்டது. சில்வண்டு என்ற சொல் காதில் விழுந்தது.

அக்கா மூடியை மடியில் வைத்தாள். பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடினாள்.

"நீ தட்டுடா" என்றாள். "நான் கொஞ்சம் வாயை மூடிக்கறேன்."

அவள் வாயை மூடினாள். வெல்டர் இன்னும் ஓங்கித் தட்டினான்.